புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தீர்களா?

விறகு அடுப்பும் வெந்நீர் பாய்லரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பராமரிப்புப் பாடம்

"வீட்டுக்கு வீடு காஸ் வந்தாச்சு. கரண்ட் அடுப்பும் வந்தாச்சு. இன்னும் எதுக்கு விறகு அடுப்பைப் பத்தி எழுதறீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்களேன். குளிக்க வெந்நீர் போட ஒரு மண் அடுப்போ, தாமிர பாய்லரோ அங்கே இருக்கும். தீபாவளிக்கு முறுக்குச் சட்டி ஏற்ற, பொங்கலுக்குப் பானை வைக்க, விசேஷத்துக்கு நாலு படி அரிசி வடிக்க அதைத்தான் தேடிப் போகிறோம். ஊரில் இருக்கும் அம்மாவும் மாமியாரும், "காஸுல வெச்ச குழம்புக்கு அந்த ருசி வராதுடி" என்று இன்னமும் விறகைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

தினமும் எரிகிற அடுப்பை யாராவது ஒருத்தர் தினமும் பார்க்கிறார்கள். எப்போதாவது எரிகிற அடுப்பைத்தான் யாருமே பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புகையில் என்ன இருக்கு?

கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். விறகுப் புகையில் தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு சின்னதான துகள்கள் இருக்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடக்கூடியவை அவை. வருஷக்கணக்கில் இதைச் சுவாசிக்கிற பெண்களுக்கு, பீடி சிகரெட்டைத் தொடாமலே நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருகிறது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை, சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா என்று பட்டியல் நீளும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

"எங்க அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கே" என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கட்டினால் மட்டும் போதுமா?

1983-ல் மத்திய அரசு, புகை குறைந்த அடுப்புகளை நாடெங்கும் கட்டித் தரும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. நம் கிராமங்களில் 'புகையில்லா அடுப்பு' என்று பெயர். 2002-ல் அந்தத் தேசியத் திட்டம் முடிந்தது. அதற்குள்ளேயே பல வீடுகளில் குழாய் அடைத்து, அடுப்பு விரிந்து, பழையபடி மூன்று கல்லுக்கே திரும்பியிருந்தார்கள்.

ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பின்னாளில், 2019-ல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் சக ஆய்வாளர்களும், புகைபோக்கி வைத்த மண் அடுப்பு கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் சமைக்கிற பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம்? அந்தப் பலன் மெல்ல மெல்லக் காணாமல் போனது. நுரையீரலின் திறனிலும் மாற்றம் இல்லை. காரணம், அடுப்பைத் தொடர்ந்து உபயோகிக்கவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை.

ஆக, அடுப்பு காப்பாற்றுவதில்லை. அடுப்பைப் பராமரிப்பதுதான் காப்பாற்றுகிறது. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

தினமும்: சாம்பல்

முந்தின நாள் சாம்பலை அள்ளாமல் அதன் மேலேயே விறகை அடுக்குகிறோம். அடியில் காற்று போக வழியில்லை. காற்று இல்லாவிட்டால் விறகு எரியாது, புகையும். எனவே, அடுப்பு மூட்டும் முன் சாம்பலை வாருங்கள்.

கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். 'அடுப்புல பூனை தூங்குது' என்று வறுமையைச் சொல்வோம் இல்லையா? எப்போதாவது எரிகிற அடுப்பில் நிஜமாகவே பூனை குட்டி போட்டிருக்கும். தேளும் பூரானும் ஒண்டியிருக்கும்.

மேலே சாம்பல் பூத்திருந்தால் நெருப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாம்பல் ஒரு கம்பளி மாதிரி. உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். அதனால் வாரிய சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் போட்டு, வெறும் தரையில் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் பக்கெட், அட்டைப்பெட்டி, குப்பைத்தொட்டி, சாக்கு எதுவும் கூடாது. வைக்கோல்போர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளித்த பிறகு செடிக்கோ, பாத்திரம் தேய்க்கவோ எடுத்துக்கொள்ளலாம். சாம்பலில் காரம் உண்டு. ஈரக்கையில் அதிக நேரம் பட்டால் தோல் வெடிக்கும், கண்ணில் விழுந்தால் எரியும். வாரும்போது மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் எரிகிற அடுப்பில் சொம்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சூடான மண் வெடிக்கும். ஆவியோடு சாம்பலும் கிளம்பி முகத்தில் அடிக்கும். விறகை வெளியே இழுத்து, தரையில் வைத்து, தண்ணீர் தெளித்து அணையுங்கள்.

வாரம் ஒரு நாள்: விரிசலும் குமிழும்

வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகுகிற வழக்கம் சும்மா வந்ததில்லை. மெழுகும்போதுதான் விரிசல் கண்ணில் படும். விரிசல் வழியாகப் புகை பக்கவாட்டில் கசியும். சூடும் வீணாகும்.

புற்றுமண் அல்லது களிமண், கொஞ்சம் மணல், ஒரு கை உமி அல்லது நறுக்கின வைக்கோல் சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். மண் மட்டும் பூசினால் காய்ந்ததும் திரும்ப வெடிக்கும். சிமென்ட் பூசினால் பலமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், சூட்டில் அது சீக்கிரமே விட்டுப்போகும். இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, முதலில் சிறு தீயாக மூட்டுங்கள்.

பாத்திரம் உட்காருகிற மூன்று குமிழ்களையும் அசைத்துப் பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தாலும் பானை ஒரு பக்கம் சாயும். கொதிக்கிற உலையோ எண்ணெயோ காலில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடி அடுப்பாக இருந்தால், இரண்டு அடுப்பையும் இணைக்கிற துவாரத்தில் சாம்பலும் கரியும் அடைத்திருக்கும். வளைந்த குச்சியை விட்டுச் சுரண்டி எடுங்கள்.

மாதம் ஒரு தடவை: புகைக்குழாய்

"அத்தே, புகை உள்ளேயே திரும்பி வருது. கண்ணைத் திறக்க முடியலை."

"பச்சை விறகும்மா. அப்படித்தான் இருக்கும். நல்லா ஊது!"

பல வீடுகளில் கேட்கிற உரையாடல் இது. பாவம், விறகு மேலேயே பழியைப் போடுகிறோம்! குழாயை யாரும் பார்ப்பதில்லை.

புகை, குழாயில் ஏறும்போது குளிர்கிறது. அப்போது அதிலுள்ள தார் போன்ற பிசின், குழாயின் உள்பக்கம் படிகிறது. முதலில் ஒட்டடை மாதிரி, அப்புறம் செதில் மாதிரி, கடைசியில் கீல் ஊற்றினது மாதிரி பளபளப்பாக. இதில் இரண்டு கெடுதல் உண்டு. ஒன்று, குழாய் குறுகிப் புகை வீட்டுக்குள் திரும்பும். இரண்டு, அந்தப் படிவமே தீப்பிடிக்கும். பலகாரம் சுடுகிற அன்றைக்கு அடுப்பு நாள் முழுக்க எரிகிறது அல்லவா? அன்றைக்குத்தான் அது பற்றிக்கொள்ள வாய்ப்பு ஜாஸ்தி.

குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். படிவம் அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தால் சுத்தம் செய்யாமல் அடுப்பு மூட்டக்கூடாது. தகரக் குழாயானால் வெளியே தட்டினாலே தெரியும். சுத்தமான குழாய் கணீரென்று ஒலிக்கும். அடைத்த குழாய் மொத்தென்று சொல்லும்.

சுத்தம் செய்யும் முறை இது:

அடுப்பு அணைந்து முழுசாக ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். நீள மூங்கிலின் நுனியில் தேங்காய் நார் அல்லது கம்பி பிரஷைக் கட்டி, மேலிருந்து கீழாக இழுத்துத் தேயுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, தலைக்குத் துண்டு அவசியம். ஓட்டு வீட்டின் மேல் ஏற வேண்டியிருந்தால் பழகின ஆளைக் கூப்பிடுங்கள். ஓடு காலை வாரிவிடும்! கீழே விழுந்த கரியைச் சாக்கோடு சுருட்டி எடுங்கள்.

குழாயின் தலையில் இருக்கும் தொப்பியையும் பாருங்கள். அணில் கூடு, குருவிக் கூடு, குளவிக் கூடு எது இருந்தாலும் புகைக்கு வழி அடைந்தது போலத்தான். தொப்பி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி அடுப்பையே கரைக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய புகைபோக்கிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்தான் இருக்கிறது. அதைக் கம்பி பிரஷால் சுரண்டாதீர்கள். அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். அதிலிருந்து பறக்கும் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். விரிந்துபோன குழாயை நனைத்து, உடைக்காமல் இறக்கி, இரும்புக் குழாயாக மாற்றிவிடுங்கள்.

இரும்புக் குழாய்க்கும் கூரைக் கீற்று, மரச்சட்டம் இவற்றுக்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். கூரையைத் துளைக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் தீப்பிடிக்கிறது.

குழாய்க்குள் 'குபுகுபு' என்று காற்று இரைகிற சத்தம் கேட்டு, உச்சியில் பொறி பறந்தால் குழாய் எரிகிறது என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். அடுப்பின் வாயைத் தகரத்தால் மூடிக் காற்றை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியேற்றி 101-க்கு போன் செய்யுங்கள்.

வெந்நீர் பாய்லர்

நடுவில் குழாய் வைத்த தாமிர பாய்லருக்கு முதல் விதி: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. தண்ணீர் இல்லாமல் மூட்டினால் பற்றுவைத்த ஈயம் உருகி, அடி கழன்றுவிடும். ஆவி போகிற துவாரத்தையும் மூடியையும் எந்தக் காரணத்துக்காகவும் இறுக்கி அடைக்காதீர்கள். நடுக்குழாயின் கரியை மாதம் ஒரு தடவை பிரஷ் விட்டுத் தேயுங்கள். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் உள்ளே வெள்ளைப் படிவம் சேரும். புளிக்கரைசலை ஊறவிட்டுக் கழுவி, நன்றாக அலசுங்கள். அந்தத் தண்ணீரைக் குளிக்க மட்டும் எடுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

மார்கழிக் குளிருக்கு இந்த பாய்லரை பாத்ரூமுக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் சிலர். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் தணல் சட்டி வைக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். என்ன நடக்கிறது அங்கே?

நிறமில்லாத எமன்

விறகும் கரியும் முழுதாக எரியாதபோது 'கார்பன் மோனாக்ஸைடு' என்கிற வாயு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. புகை கண்ணைக் கரித்தாலாவது எழுந்து ஓடுவோம். புகையே இல்லாத தணலிலிருந்தும் இது வரும் என்பதுதான் கொடுமை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. ஆக்ஸிஜனுக்கு இடமே கிடைக்காது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி ஆகியவைதான் அறிகுறிகள். 'ஏதோ பித்தம்' என்று படுத்துவிடத் தோன்றும். படுத்தால் எழுந்திருக்க முடியாது. ஜுரம் இல்லாமல், வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தால், வெளியே காற்றாட வந்ததும் அது குறைந்தால், உடனே அடுப்பைச் சந்தேகப்படுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அறிகுறி லேசாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். உள்ளே இருக்கும் சிசுவுக்குப் பாதிப்பு அதிகம்.

இன்னொரு விஷயம். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிமீட்டரைப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். இந்த வாயு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் அது 98, 99 என்றே காட்டக்கூடும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அடுப்பு எரியும் இடத்தில் கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் மேலே ஒன்று என இரண்டு திறப்பாவது வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் குளிர் உள்ளே வராது, சரி. உயிர்க்காற்றும் வராதே!

விறகு எப்படி இருக்கணும்?

வெட்டின பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பு செலவாகிறது. மீதி புகையாகவும் குழாயில் கீலாகவும் போகிறது. சவுக்கோ, வேலிக்கருவையோ, பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, மழை படாமல் ஆறு மாதமாவது காயவிடுங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். முனையில் வெடிப்பு தெரிய வேண்டும்.

அரளிக் கட்டையை எரிக்காதீர்கள், புகையும் விஷம். கடலோர ஊர்களில் கிடைக்கும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைப் பாதிக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், டயர் துண்டு, பால் கவர் எதுவும் வேண்டாம். பற்றவைக்கத் தென்னை ஓலையும் பாளையும் பன்னாடையும் இருக்க, பிளாஸ்டிக் எதற்கு? தணல் மேல் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றவே கூடாது. ஊற்றுகிற கைக்கே தீ தாவி வரும்.

விறகுக் குவியலில் கையை விடும் முன் கழியால் தட்டுங்கள். பாம்புக்கும் தேளுக்கும் அதைவிட வசதியான வீடு கிடையாது. விறகை அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்க வேண்டாம். காஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு அடுப்பே வேண்டாம்.

சுட்டுவிட்டால்?

அடுப்படியில் தொங்குகிற முந்தானை, துப்பட்டா, நைலான் நைட்டி மூன்றும் எதிரிகள். பருத்தி உடுத்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். தோசை மாவு, இங்க், பற்பசை, மஞ்சள், ஐஸ் எதையும் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

மூட்டும்போதெல்லாம்: சாம்பல் வாருதல், திறப்புகளைத் திறந்து வைத்தல்.
வாரம்: விரிசல், குமிழ், கொடியடுப்பின் துவாரம்.
மாதம்: புகைக்குழாய், பாய்லரின் நடுக்குழாய்.
ஐப்பசி மழைக்கு முன்: தொப்பி, கூரை இடைவெளி, விறகுக்கு மறைப்பு.
தீபாவளி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்: எல்லாமே ஒரு தடவை.

ஒரு விஷயம் மட்டும் மனசில் இருக்கட்டும். நன்றாகப் பராமரித்த விறகு அடுப்பும் காஸ் அடுப்புக்கு ஈடாகாது. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அன்றாடச் சமையலுக்கு அது வேண்டவே வேண்டாம். வெந்நீருக்கும் விசேஷத்துக்கும் என்று வைத்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரில் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தால், அடுத்த தடவை போகும்போது பழமும் பலகாரமும் வாங்கிப் போவதோடு குழாயையும் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அம்மாவாகக் கேட்க மாட்டார்கள். நாம்தான் பார்க்கணும்!